சந்தைக் கண்காணிப்பும் சிறு தொழிலாளியும்: ஹிஸ்பா மரபு தரும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் நடப்போர் கண்ணால் காணுமுன் மூக்கால் அறிவது பால் சுண்டும் மணத்தை. பசும்பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் கைப்பக்குவமும் சேர்ந்து உருவாகும் அவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்துள்ள இராஜபாளையம் நூலாலைகளால் பெயர் பெற்ற ஊர். ஆயினும் வீட்டின் ஒரு மூலையில் பால் ஐஸும் குல்ஃபியும் செய்து, மிதிவண்டியில் பெட்டி கட்டி விற்றுக் குடும்பம் காத்தவர்களையும் அங்கு நாம் அறிவோம். பாலை நம்பி வாழும் இச்சிறு தொழிலாளர் அனைவரும் இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் நிற்கின்றனர். அச்சட்டம் அவர்களுக்குப் பகையா, அரணா? இவ்வினாவை ஹிஸ்பா எனும் நம் சந்தைக் கண்காணிப்பு மரபின் ஒளியில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வணிகரின் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்ததாக வணிகர் காரணம் கூறினார். நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே வைக்காமல் மறைத்ததையே நபியவர்கள் கண்டித்தார்கள். மழை வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். கண்டிக்குமுன் காரணம் கேட்கப்பட்டது என்பதும் நம் கருத்துக்குரியது. நேர்ந்த குறையையும் செய்த வஞ்சத்தையும் வேறுபடுத்திக் காணும் இப்பார்வையே பின்னாளில் வளர்ந்த ஹிஸ்பா அமைப்பின் வேராகும்.

சந்தையைக் கண்காணித்த அதிகாரி முஹ்தஸிப் எனப்பட்டார். அவருடைய அதிகார எல்லையை இமாம் மாவர்தீ (மறைவு ஹி. 450/கி.பி. 1058) தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் வகுத்தார். வெளிப்படையாகத் தெரியும் தவறுகளே முஹ்தஸிபின் வரம்புக்குட்பட்டவை. மறைவானவற்றைத் துருவித் திரிவது பொதுவாக அவர் பணியன்று. இமாம் கஸ்ஸாலீ (மறைவு ஹி. 505/கி.பி. 1111) இஹ்யா உலூமித்தீனில் தவறைத் திருத்தும் படிகளை வரிசைப்படுத்துகையில், அறியாதவருக்கு அறிவித்தலாகிய தஃரீஃபைத் தொடக்கத்திலேயே வைத்தார். அறிவுரையும் கண்டிப்பும் அதன் பின்னரே வருகின்றன. வன்மை இறுதிப் படியாகும்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு அறிஞர் ஷைஸரீ முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கைந்நூல் இயற்றினார். ரொட்டி சுடுவோர், இனிப்புச் செய்வோர், ஷர்பத் காய்ச்சுவோர் எனத் தொழில்தோறும் அதில் தனித்தனி இயல்கள் உண்டு. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் அத்தொழிலின் நுட்பமும் சூதும் அறிந்த நம்பிக்கைக்குரிய ஒருவரை அரீஃபாக அமர்த்திக்கொள்ளுமாறு அவர் கூறுகிறார். எல்லாத் தொழில்களையும் ஒருவரே அறிந்திருக்க இயலாது என்னும் நடைமுறை அறிவு அதில் வெளிப்படுகிறது.

நம் நாட்டு வரலாறு இதன் மறுபக்கத்தையும் காட்டுகிறது. ஸுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் ஆட்சியில் (1296–1316) தில்லிச் சந்தை ஷஹ்னா எனும் அதிகாரியின் கடுங்கண்காணிப்பில் இருந்தது. எடை குறைத்து விற்றவரின் உடலிலிருந்து அக்குறைவுக்கு ஈடாகச் சதை அறுக்கப்பட்டதென வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனீ எழுதுகிறார். அச்சத்தால் வந்த அவ்வொழுங்கு ஸுல்தானின் மறைவுக்குப் பின் நிலைக்கவில்லை.

இனி நம் காலத்துச் சட்டங்களுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1918இலேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் வந்தது. ஐஸ்கிரீம் தயாரிப்போ சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1997இல் அவ்வொதுக்கீடு நீங்கியபின் பெருநிறுவனங்களோடு போட்டியிடும் நிலை சிறியோருக்கு ஏற்பட்டது. 2011 ஆகஸ்ட் 5 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களை அகற்றியது.

புதிய சட்டத்தை ஊன்றிப் படித்தால் சிறியோரை அது மறந்துவிடவில்லை என்பது புலனாகும். ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர் உரிமம் பெறவேண்டியதில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும் என 2011ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. குறை காணப்பட்டால் முதலில் மேம்பாட்டு அறிவிப்பு அளித்து, திருத்திக்கொள்ள 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. தண்டத்தொகையை முடிவு செய்கையில் தவறு அறியாமல் நேர்ந்ததா என்பதையும் கருதவேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. கஸ்ஸாலீ கூறிய தஃரீஃபின் சாயலை இவற்றில் காண்கிறோம்.

ஆனால் ஏட்டில் உள்ளது வீட்டு வாசலை எட்டுகிறதா? இராஜபாளையத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் நாற்பதாண்டுகளாகப் பால் ஐஸ் செய்து விற்றவர். மரத்தொட்டியில் பனிக்கட்டியும் கல்லுப்பும் நிரப்பி, நடுவில் பால் நிறைந்த உலோகக் குவளையைக் கையால் சுழற்றும் பழைய முறையில் தொழில் பழகியவர். ஒருநாள் அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. நீதிமன்ற அழைப்பாணை என்றெண்ணி அஞ்சி அன்றே தொழிலை நிறுத்திவிட்டார். பல வாரங்கள் கழித்து அத்தாளை அவர் நம்மிடம் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தால் அது மேம்பாட்டு அறிவிப்பு. தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று, மூடியுள்ள பாத்திரங்கள், பதிவுச் சான்று ஆகிய மூன்றே அதில் கேட்கப்பட்டிருந்தன. சட்டம் அவருக்கு அவகாசம் தந்தது. அவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துரைப்பாரில்லை. தஃரீஃப் தாளில் நிகழ்ந்ததேயன்றி மனிதரிடம் நிகழவில்லை.

இதனால் அறிவிப்பில் கேட்டவை தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. பால்கோவா நெடுநேரம் அடுப்பில் கொதித்துச் சுண்டுவது. ஐஸ்கிரீமோ பாலைக் காய்ச்சி ஆற்றியபின் குளிரூட்டப்படுவது. ஆறிய பாலில் அழுக்கு நீரோ கையோ பட்டால் புகும் கிருமிகளைப் பின்வரும் குளிர் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. 1994இல் அமெரிக்காவில் ஒரு பெருநிறுவனத்தின் ஐஸ்கிரீமால் சுமார் 2,24,000 பேர் சால்மோனெல்லா நோய்க்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டது. முன்னர்ப் பச்சை முட்டைக் கூழ் ஏற்றிய வண்டியில் ஐஸ்கிரீம் கலவையை ஏற்றி வந்ததே காரணமெனக் கண்டறியப்பட்டது. சிறியவர் என்பதால் தூய்மை வந்துவிடாது. பெரியவர் என்பதாலும் வந்துவிடாது. உண்ணும் குழந்தையின் உரிமை இருவர் மீதும் ஒன்றே.

வஞ்சத்தின் நிலை வேறு. பால்கோவாவில் மாவைக் கலப்பதும், வேற்றூர்ச் சரக்குக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரை ஒட்டுவதும் ஈரத் தானியத்தை அடியில் மறைத்ததற்கு ஒப்பானவை. மாவை ஒரு துளி அயோடின் நீலநிறமாக்கிக் காட்டிவிடும். பெயரைக் காக்கப் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு. அங்கே கடுமை காட்டுவது உண்மையான பால்கோவா செய்வோருக்கே காவலாகும். பொட்டலமிடாத இனிப்புகளுக்கும் உண்ணத்தக்க இறுதி நாளைக் கடையில் எழுதி வைக்கவேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் வந்த விதியும் அத்தகையதே. செய்பவர் மட்டும் அறிந்திருந்ததை வாங்குபவரும் அறியும்படி வெளியே வைக்கச் சொல்கிறது அவ்விதி.

ஆகவே இன்று குறைபடுவது சட்டமன்று; அரீஃபே. ஆய்வுக்கு வரும் அலுவலருக்கும் அடுப்படியில் நிற்கும் தொழிலாளிக்கும் இடையே, இரு மொழியும் அறிந்த நம்பகமான ஒருவர் வேண்டும். மூத்த பால்கோவா மாஸ்டர் ஒருவரையும் ஐஸ் தயாரிப்பாளர் ஒருவரையும் அலுவலர்கள் உடன் அழைத்துச் சென்றால், எது தொழிலின் இயல்பு, எது ஏமாற்று என்பது அங்கேயே விளங்கும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் ஆண்டுக்கொருமுறை பதிவு முகாம் நடத்தலாம். தண்ணீர்ப் பரிசோதனைச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். வரும் அறிவிப்புகளைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவரை அமர்த்தலாம். இவ்வுதவி சமயம் பார்த்து வழங்கப்படுவதாகவும் இருத்தலாகாது. முஹ்தஸிபின் சந்தையில் எல்லாச் சமயத்தவரும் விற்றனர், வாங்கினர்.

அப்பெரியவர் மீண்டும் தொழிலைத் தொடங்கவில்லை. அவருடைய ஐஸ் பெட்டி வீட்டுப் பரணில் கிடக்கிறது. கற்றோராகிய நாம் அண்டையிலேயே இருந்தும், அந்த 14 நாட்களுக்குள் அவருடைய தாளைப் படித்துச் சொல்லாமற் போனோம். அப்பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.