இதயமுடுக்கியும் நோயாளர் உணர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இதயமுடுக்கி எனத் தமிழில் வழங்கும் ‘பேஸ்மேக்கர்’ கருவியும் இதற்கு விலக்கன்று. எந்த நாட்டில், எந்த ஆண்டில், எவர் கையால் அது முதன்முதலிற் பொருத்தப்பட்டது என்பது பற்றிய விவாதங்கள் பல. அதனை மார்பினுள்ளே சுமந்து வாழ்ந்தோர் என்ன உணர்ந்தனர் என்ற வினாவோ அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகின்றது. எனினும், அக்கருவியின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்குமிடத்து, அதன் அமைப்பில் நேர்ந்த மாற்றங்கள் பலவற்றின் பின்னால் நோயாளரின் முறைப்பாடொன்று இருந்தமை புலனாகும். கழுத்திலே ஏதோ இடிக்கின்றது, படியேறினால் மூச்சு முட்டுகின்றது, தோளின்கீழ்த் தசை துள்ளுகின்றது என்றெல்லாம் அவர்கள் கூறியவை முதுமையின் இயல்பென்றோ, புதிய கருவிக்கு இன்னும் பழகாமையென்றோ கொள்ளப்பட்டதும் உண்டு.

இதயம் தன் துடிப்பைத் தானே தொடக்கிக்கொள்ளும் உறுப்பாகும். வலச் சோணையறையின் மேற்பகுதியிலுள்ள சிறு கணுவொன்று மின் கணத்தாக்கத்தை எழுப்புகின்றது. அது சோணையறைகளைச் சுருங்கச் செய்து, நடுவேயுள்ள இன்னொரு கணுவிலே சற்றுத் தாமதித்து, பின்னர் நார்க்கற்றை வழியே இதயவறைகளை அடைகின்றது. அக்கற்றையை 1893 இல் வில்ஹெல்ம் ஹிஸ்ஸும், இடைக்கணுவை 1906 இல் யப்பானியரான சுனாவோ தவாராவும், தொடக்கக் கணுவை 1907 இல் ஆதர் கீத், மார்ட்டின் பிளக் ஆகிய இருவரும் விவரித்தனர். இடையில் நிகழும் தாமதம் ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கை வழமையாக மிஞ்சுவதில்லை. சோணையறைகள் தம்மிடமுள்ள குருதியை இதயவறைகளுள் முற்றாகச் செலுத்துவதற்கு அந்த அவகாசம் வேண்டும். அதன் அருமை பின்னாளிற்றான் நன்கு விளங்கியது.

இப்பாதை அறுபட்டால் இதயவறைகள் தம் சொந்த வேகத்தில், நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை மட்டுமே துடிக்கும். சிலவேளை சில கணங்கள் துடியாமலும் நின்றுவிடும். மூளைக்குக் குருதி செல்லாது. நோயாளி நின்ற நிலையிலேயே சாய்வார். டப்ளின் நகர மருத்துவர்களான றொபேட் அடம்ஸ் 1827 இலும் வில்லியம் ஸ்ரோக்ஸ் 1846 இலும் விவரித்த இம்மயக்கம் அவ்விருவரின் பெயராலேயே வழங்கி வருகின்றது. நூறாண்டுக்கு மேலாக அதற்குத் தக்க பரிகாரம் கிடைத்திலது.

1932 இல் நியூயோர்க் மருத்துவர் அல்பேட் ஹைமன் கையாற் சுற்றி முடுக்கும் பொறியொன்றை அமைத்தார், அது நிலைபெறவில்லை. 1952 இல் பொஸ்ரனைச் சேர்ந்த போல் சோல் என்பவரே மின்தூண்டலால் நோயாளியொருவரை இரண்டு நாள்களுக்கு மேலாக உயிருடன் வைத்திருக்கலாமெனக் காட்டியவர். அவர் மின்வாய்களை மார்பின் தோல்மீதே வைத்தார். உயிர் நிலைத்தது; ஆயின் ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத் தசை முழுவதும் அதிர்ந்து சுருங்கியது. மின்வாய் பட்ட இடத்திலே தோல் புண்ணாகியது. நினைவிழந்திருந்தவர் நினைவு மீண்டதும் நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை வலியை உணர்ந்தார். இதயமுடுக்கியின் வரலாற்றில் நோயாளர் கூறிய முதல் முறைப்பாடு இதுவேயெனலாம். மின்வாயை இதயத்துக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டும் என்ற நாட்டம் வலுப்பெற்றமைக்கு இவ்வேதனையும் ஒரு காரணமாகும்.

மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றன் லிலிஹை 1957 இல் சிறுவர்களின் இதயத் தசையிலேயே மெல்லிய கம்பியைப் பதித்தார். மிகச் சிறிய மின்னோட்டமே போதுமாயிற்று; வலியும் அகன்றது. ஆனால் கம்பியின் மறுமுனை சுவரிலுள்ள மின்னிணைப்பில் இருந்தது. கட்டிலிலிருந்து கம்பி எட்டும் தூரமே அச்சிறுவரின் உலகம். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் நகரில் நேர்ந்த மின்தடையின் பின்னர், லிலிஹையின் வேண்டுகோளுக்கிணங்க ஏர்ள் பக்கன் என்ற பொறியியலாளர், இசை பயில்வோரின் தாளமானிக்கென வெளியான திரான்சிற்றர்ச் சுற்றொன்றைத் தழுவி, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியொன்றைச் செய்தளித்தார். மனித இதயத்துக்குத் தாளமானியொன்று வழிகாட்டியாக அமைந்தமை வெறும் அணிநயமன்று. அக்கருவியின் பிற்காலச் சிக்கல்களும் அதனுள்ளேயே அடங்கியிருந்தன. தாளமானி அடிக்கும், கேளாது.

உடலினுள்ளே முழுமையாகப் பதிக்கப்பட்ட முதற் கருவி 1958 ஒக்ரோபர் 8 ஆம் நாள் சுவீடனின் தலைநகரை அடுத்த கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் ஆர்ணே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை மயங்கி விழுந்தவர் அவர். அத்தகைய கருவியொன்று இன்னும் ஆயத்தமாகவில்லை எனக் கூறிய சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே செனிங்கையும் பொறியியலாளர் றூனே எல்ம்குவிஸ்ற்றையும் மாறிமாறிச் சந்தித்து இணங்கச் செய்தவர் லார்சனின் மனைவி எல்சே-மரீ. சப்பாத்து மினுக்கும் மைத் தகரத்தை அச்சாகக் கொண்டு பிசினில் வார்க்கப்பட்ட அக்கருவி சில மணித்தியாலங்களிற் செயலிழந்தது. உடனே இரண்டாவது பொருத்தப்பட்டது. தம் வாழ்நாளில் லார்சன் 26 கருவிகளைக் கண்டார். செனிங், எல்ம்குவிஸ்ற் இருவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001 இல் தமது 86 ஆம் வயதில் இதயத்தோடு தொடர்பற்ற புற்றுநோயினாற் காலமானார்.

1960 களிற் பரவிய கருவிகள் நிலைவேகமுடையவை. நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுபது என விதித்தால் உறங்கினும் ஓடினும் எழுபதே. முப்பது துடிப்போடு வாழ்ந்தவருக்கு அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. தலை தெளிந்தது, மயக்கம் நின்றது. மின்தூண்டலை இதயத் தசை உணர்த்துவதில்லையாதலின் பலர் கருவி இருப்பதையே மறந்து வாழ்ந்தனர். ஆனால் எல்லோருக்கும் அவ்வாறு அமையவில்லை. படியேறுகையில் உடல் கேட்கும் குருதியை இதயம் வழங்க மறுத்தது. அச்சத்தால் நெஞ்சு படபடத்தது என்பது தமிழில் எத்துணை இயல்பான வழக்கு! கடத்தற்பாதை முற்றாக அறுபட்டு, நிலைவேகக் கருவியைத் தாங்கியிருந்தவருக்கு அச்சம் வந்தது, படபடப்பு வரவில்லை. சிலருக்கோ இயற்கைத் துடிப்பு இடையிடையே மீண்டு வந்தது. அவ்வேளை இரு தாளங்களும் மோதி நெஞ்சு தடுமாறியது. அது வெறும் அசௌகரியமன்று. கருவியின் தூண்டல் பிழையான கணத்தில் விழின் உயிராபத்து நேரலாம். 1960 களின் நடுப்பகுதியில் பறூ பேர்க்கோவிற்ஸ் வகுத்த, இதயம் தானே துடிக்கும்போது அடங்கியிருக்கும் கருவி இதற்கு விடையாயிற்று. தாளமானி முதன்முறையாகக் கேட்கத் தொடங்கியது.

கேட்கத் தொடங்கிய கருவி பிழையாகவும் கேட்டது. கருவியின் உலோக உறையையே மின்வாய்களுள் ஒன்றாகக் கொண்ட அமைப்புகளில், கையைப் பலமாக இயக்கும்போது மார்புத் தசையில் எழும் மின்னலைகளை இதயத்துடிப்பென எண்ணிக் கருவி அடங்கிவிடுவதுண்டு. பாரம் தூக்கியவருக்குத் தலை சுற்றியது. அதே அமைப்பில், கருவியை அடுத்த தசை ஒவ்வொரு தூண்டலுக்கும் துள்ளுவதும் நிகழ்ந்தது. பிரிமென்றகட்டுக்குச் செல்லும் நரம்பை மின்னோட்டம் தீண்டினால் விக்கல் போன்றதோர் அதிர்வு இதயத்துடிப்போடு ஒத்து இரவு பகலாகத் தொடர்ந்தது. இவை யாவும் கற்பனையல்ல. மின்வாயின் இடத்தையோ மின்னோட்டத்தின் அளவையோ மாற்றியதும் மறைந்தன. மின்கலங்களும் அந்நாளில் ஈராண்டளவே நிலைத்தன. எனவே, நோயாளர் நாள்தோறும் தம் நாடியைத் தாமே பிடித்து எண்ணுமாறு பயிற்றப்பட்டனர். எண்ணிக்கை சில குறைந்தாற் கருவி ஓய்கின்றது என்பது பொருள். 1972 முதற் பயன்பாட்டுக்கு வந்த இலிதியம் மின்கலமே அவ்வெண்ணும் அச்சத்தைப் பெரிதும் தணித்தது.

இவ்வனைத்தினும் ஆழமான சிக்கல் வேறொன்று. கம்பி இதயவறையில் மட்டுமே இருந்தமையால், சோணையறைகள் ஒரு தாளத்திலும் இதயவறைகள் இன்னொரு தாளத்திலும் சுருங்கின. சோணையறை சுருங்கும் வேளையில் இடையிலுள்ள வால்வு மூடியிருப்பின் குருதி முன்செல்ல வழியின்றிப் பின்னோக்கிக் கழுத்து நாளங்களில் மோதும். கழுத்திலே இடிக்கின்றது என்று நோயாளர் சொன்னது அதனையே. களைப்பு, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் என்பன உடன் வந்தன. சிலருக்குக் கருவி துடிப்பைத் தொடக்கும் கணத்திலேயே குருதியமுக்கம் வீழ்ந்தது. மயக்கத்தைத் தடுக்கப் பொருத்திய கருவியே மயக்கத்தை அழைத்தது. 1969 இல் யப்பானில் மிற்சுயியும் குழுவினரும் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டனர். பின்னர் அது ‘இதயமுடுக்கி நோய்க்கூட்டு’ எனப் பொருள்படும் பெயரால் நிலைபெற்றது. பெயரற்ற வேதனை முறைப்பாடாகவே நின்றுவிடும். பெயர் பெற்றபின் அது நோயாகின்றது.

இதனால் அவதியுற்றோர் எத்தனை பேர்? ஈண்டு இரு ஆய்வுகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1998 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 65 வயதும் அதற்கு மேலுமான 407 பேருக்கு ஈரறைக் கருவி பொருத்தப்பட்டது. அவர்களுட் சிலருக்கு இரு அறைகளும், ஏனையோருக்கு இதயவறை மட்டும் தூண்டப்படுமாறு கருவி ஒழுங்குசெய்யப்பட்டது. இதயவறைத் தூண்டல் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 26 பேர் மேற்கூறிய நோய்க்கூட்டின் காரணமாக ஈரறைத் தூண்டலுக்கு மாற்றப்பட்டனர். 2000 இல் வெளியான கனேடிய ஆய்வு 2568 பேரைக் கொண்டது. அங்கே கருவிகளே வெவ்வேறானவை. மாற்றுவதாயின் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டும். அவ்வாறு மாற்றப்பட்டோர் நூற்றுக்கு ஐவரிலும் குறைவு. இதயங்கள் இரு நாடுகளிலும் ஒன்றே. முன்னதில் மாற்றத்துக்குத் தேவைப்பட்டது மார்பின்மேல் வைத்த ஒரு கருவியும் சில நிமிடங்களும், பின்னதிற் கத்தி. பரிகாரம் எளிதாயின் வேதனை கேட்கப்படுகின்றது. கடினமாயின் நோயாளர் பொறுத்துக்கொள்கின்றனர், அல்லது பொறுத்துக்கொள்ளுமாறு கூறப்படுகின்றனர். இறப்பு வீதத்தில் இருவகைத் தூண்டலுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்பதையும் அவ்வாய்வுகளே காட்டின. இறப்பை மட்டும் எண்ணியிருந்தால் கழுத்தில் இடித்தது கணக்கில் வந்திராது.

உழைப்புக்கேற்ப வேகத்தை மாற்றும் கருவிகள் 1980 களின் நடுப்பகுதியில் வந்தன. உடலின் அதிர்வை உணரும் பளிங்கொன்று அவற்றிலிருந்தது. நடந்தால் துடிப்பு கூடியது, நன்று. ஆனால் படியேறுதல் கடிது, இறங்குதல் எளிது என்பதைப் பளிங்கு அறியாது. இறங்கும்போதே கால் வலிந்து ஊன்றி உடல் மிகுதியாக அதிர்வதால், இறங்குகையில் ஏறுகையிலும் விரைவாக இதயம் துடித்தது. குண்டும் குழியுமான வீதியில் வாகனத்தில் அமர்ந்து செல்பவர் ஓடுபவரைப் போலத் துடிப்பு மிகுந்தார். மிதியுந்து ஓட்டுபவரின் மார்போ அதிகம் அசையாமையால் அவருக்கு வேண்டிய வேகம் கிட்டவில்லை. அதிர்வோடு மூச்சின் அளவையும் கணிக்கும் உணரிகள் பின்னர் சேர்க்கப்பட்டமைக்கு இத்தகைய அனுபவங்களே வழிவகுத்தன.

கம்பியே இல்லாமல், நாளத்தின் வழியே செலுத்தி இதயவறையினுள்ளேயே பதிக்கப்படும் இரண்டு கிராம் அளவான கருவி 2013 இல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. மார்பில் வடுவில்லை, தோலின்கீழ் மேடில்லை. ஆனால் அது இதயவறையை மட்டுமே தூண்டியது. ஆகவே அரைநூற்றாண்டுக்கு முந்தைய முறைப்பாடு சிலரிடத்தே மீண்டும் எழ இடமிருந்தது. 2020 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுத்த வடிவம், இதயவறையினுள் இருந்தவாறே, சோணையறை சுருங்கும்போது எழும் மெல்லிய அசைவை உணர்ந்து, அதன்பின் சிறிது தாமதித்துத் துடிப்பைத் தொடக்குமாறு ஆக்கப்பட்டது.