வாய்மையின் வழியே பொறை

கொங்கு நாட்டுச் சமணத்தின் தொன்மைக்குச் சான்றாய் நிற்பது விசயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம். சல்லேகனை நோற்று உயிர்நீத்த புள்ளப்பையின் நினைவு அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வம்மையாரின் தமையனார் சாமுண்டராயரே சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை எழுப்பியவர். தமையன் பரதனை வென்ற நிலையிலும் சினம் தணிந்து, வென்ற நாட்டையும் துறந்தவர் பாகுபலி. வென்றவன் காட்டும் பொறைக்கு அவரே சான்று.

அத்தகைய பொறையை நம் காலத்தில் ஒரு நாடே மேற்கொள்ள முயன்றது. அது தென்னாப்பிரிக்கா. தமிழர்க்கு அந்நாடு அயலன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். நிறத்தால் இழிவுற்ற அம்மக்களுக்காகப் போராடிய காந்தியடிகள், தம் சமய ஐயங்களை 1894 இல் எழுதிக் கேட்டது சமண அறிஞர் ஸ்ரீமத் ராஜசந்திரரிடமே. அப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 இல் உயிர்நீத்தார்.

1948 முதல் நிறவெறியே அரசின் கொள்கையாயிற்று. குடியிருப்பும் கல்வியும் வாக்குரிமையும் நிறத்தால் வகுக்கப்பட்டன. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா 1994 இல் குடியரசுத் தலைவரானபோது பழிவாங்கும் வலிமை அவரிடம் இருந்தது. அவர் அதை நாடவில்லை. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. துன்புற்றோர் மக்கள் முன்னிலையில் தம் துயரை உரைத்தனர். அரசியல் நோக்கில் குற்றம் இழைத்தோர், செய்ததை முழுமையாக வெளிப்படுத்தினால் மட்டுமே பொதுமன்னிப்புப் பெறலாம். விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர்.

எனினும் குறைகள் உண்டு. மனம் வருந்துவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டோருள் பலர்மீது வழக்கும் தொடரப்படவில்லை. துன்புற்றோர்க்கு ஆளுக்கு 30,000 ராண்ட் வழங்கும் அறிவிப்பு 2003 இல்தான் வந்தது. அது ஆணையம் பரிந்துரைத்ததினும் குறைவு. உண்மை வெளிப்பட்டும் ஈடு நிறைவாகக் கிட்டாததால் பலருடைய புண் ஆறவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது கழுவாய்களுள் முதலாவது ஆலோசனை; ஒளிவுமறைவின்றிக் குற்றத்தை உரைப்பது அது. பிரதிக்கிரமணமும் தவமும் அதனைத் தொடர்வன. உரைப்பதோடு கழுவாய் முடிவதில்லை என்பதை இவ்வரிசையே காட்டுகிறது.

பிறப்பால் மனிதரைப் பிரிக்கும் வழக்கம் கடலுக்கு அப்பால் மட்டும் இருந்ததன்று. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களைக் கொங்கு மண்ணும் கண்டது. தசலட்சண நாள்களின் நிறைவில் உறவினரிடமும் நண்பரிடமும் க்ஷமை வேண்டுகிறோம். நம் வயலிலும் ஆலையிலும் இல்லத்திலும் உழைப்போரிடம், இழைத்த குறையை இன்னதென்று பெயர் சுட்டி உரைத்து, உரிய ஈடும் செய்து வேண்டும் க்ஷமையே உத்தம க்ஷமை.