செனாய்த் தோட்டங்களின் கோயிலும் இடுகாடும்

ஓர் ஊரின் தொன்மையைக் கோட்டையிலும் அரண்மனையிலும் தேடுவது வழக்கம். ஜொகூர் மாநிலத்துச் செனாயில் அவை இல்லை. 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையமே அவ்வூரைப் பலருக்கும் அறிமுகப்படுத்துகின்றது. எனினும், விமானங்கள் வருமுன்னர் இவ்வட்டாரம் பால்மரக் காடாக விளங்கிற்று. அக்காட்டில் உழைத்த தமிழரின் வரலாற்றைக் கோயிலும் இடுகாடுமே தாங்கி நின்றன.

ஜொகூரை ஊடறுக்கும் இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றது. மறு ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் 1938 வரையில் கங்காணிமார் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தனர். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் நிர்வாகத்தின் உடைமை. கோயிலோ அவர்தம் சந்தாப் பணத்தில் வளர்ந்தது. மரத்தடிச் சூலம் கூரைக் கொட்டகையாகிப் பின்னர்ச் செங்கற் கட்டடமாயிற்று.

இடுகாட்டில் பெரும்பாலோர்க்கு மண்மேடே வாய்த்தது. அது சில மழைக்காலங்களில் கரைந்துவிடும். சிமெண்டுக் கல்லறை வசதி படைத்தோர்க்கே கிட்டிற்று. அத்தகைய கற்களில் இறந்தவர் பெயருடன் பிறந்த ஊரும் பொறிக்கப்படுவதுண்டு. மூதாதையர் எவ்வூரினர் என்றறியச் சில குடும்பங்களுக்கு அதுவே சான்று.

பெயர் பொறித்த ஒரு கல்லின் அருமையைச் சயாம் உணர்த்துகின்றது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மலாயாத் தோட்டத் தமிழரை மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் நினைவுகூரப்படுகின்றனர். ஆங்கு மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கோ பெயர் தாங்கிய கல்லறைகள் இல்லை.

போருக்குப்பின் ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கிற்று. அதனைத் தடுக்க 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், தனித்த நிலப்பட்டா இல்லாத கோயில்களும் இடுகாடுகளும், தோட்டம் கைமாறியபொழுது நிலத்தோடு சேர்ந்தே கைமாறின. பால்மரங்களுக்குப் பதிலாகச் செம்பனையும், பின்னர் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர். கோயிலை வேறிடத்தில் எழுப்பிக் குடமுழுக்கு நிகழ்த்தலாம். பெயரற்ற புதைகுழிகளைப் பெயர்த்தெடுப்பது எங்ஙனம்?

ஆதலின், எஞ்சியுள்ள கல்லறை எழுத்துகளைப் படியெடுத்தலும், இடுகாட்டு எல்லைகளை வரைபடத்தில் குறித்தலும், அவ்விடங்களுக்கு நிலவுரிமை கோருதலும் உடனடியாகச் செய்யத்தக்கன. மண்மேட்டைச் சுட்டி, ‘இவர் இன்னார்’ எனச் சொல்லவல்ல முதியோர் இருக்கும்பொழுதே அப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.