தந்தையின் தொட்டியும் மைந்தரின் ஆராய்ச்சியும்

லண்டன் மாநகரில் மருந்து வணிகர் சங்கத்து ரசாயன சாலையின் பொறுப்பை வகித்த ராபர்ட் வாரிங்டன், 1849ஆம் ஆண்டில், பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் மணலும் கல்லும் பரப்பி, ஜலம் வார்த்து, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியாச் செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களையும் விட்டு, ஜலத்தை மாற்றாமலே அவை ஜீவித்திருக்குமா என்று பரீட்சிக்கலானார். செடி விடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும், மீனின் கழிவு செடிக்கு ஆகாரமாகும் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு பிழையன்று, ஆயினும் இலைகள் பழுத்து அழுகி, ஜலம் கலங்கி, கண்ணாடியில் பாசி வழவழவென்று படர்ந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, அவற்றின் குஞ்சுகளோ மீனுக்கு இரையாயின. 1850இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். வடிகட்டி என்று தனியே ஒரு சாதனம் அத்தொட்டியில் இல்லை.

கண்ணுக்குப் புலனாகாமல் அழுக்கைச் சுத்திகரிக்கும் வேறோர் உயிரினமும் உண்டென்பதை உலகம் பின்னர்தான் அறிந்தது. 1877இல் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் அடைத்த குழாயினூடே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாள் ஒரு மாறுதலும் இல்லை. அதன்பின் அமோனியா நைட்ரேட்டாகி வெளிவந்தது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாறுதல் நின்றுபோயிற்று. ஆகவே அது கிருமிகளின் தொழிலென்று துணிந்தனர். அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கிருமி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு கிருமி என்று ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு உழைத்துக் காட்டியவர், என்ன விசேஷம், தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ராபர்ட் வாரிங்டன்! அக்கிருமிகளைப் பிரித்தெடுக்கும் பாக்கியம் மட்டும் 1890இல் ருஷ்யரான வினோகிராட்ஸ்கிக்கு வாய்த்தது.

செடிகள் அடர்ந்த சிறு தொட்டிக்கு வடிகட்டி தேடுவோர், மோட்டாரின் வேகத்தை விசாரிப்பதைக் காட்டிலும், அக்கிருமிகள் ஒட்டி வாழ எவ்வளவு இடமுண்டு என்று பார்ப்பதே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். செடிகளே அமோனியாவில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், கடைக்காரர் ஸ்பாஞ்ச் பில்டர் என்று எடுத்துத் தரும், காற்றுப் பம்பினால் இயங்கும் எளிய பஞ்சு வடிகட்டியே பெரும்பாலும் போதும். கரியமில வாயுவைத் தனியே செலுத்திச் செடி வளர்ப்போர் மட்டும், குமிழிகள் அவ்வாயுவை வெளியேற்றிவிடுமாதலால், நீரோட்டத்தைத் தணித்து வைக்கக்கூடிய கானிஸ்டர் என்னும் மூடிய வடிகட்டி வகையை நாடலாம். எதுவாயினும், புதுப் பஞ்சில் கிருமி குடியேறச் சில வாரங்களாகும். அதுவரை மீன்களைச் சொற்பமாகவே விடவேண்டும். பஞ்சில் அழுக்கேறினால் தொட்டி ஜலத்திலேயே அலசுக. நகரக் குழாய்நீரில் அலசினாலோ, அப்பிரெஞ்சு அறிஞரின் குழாயில் குளோரோபாரம் செய்த வேலையை அந்நீரின் குளோரின் செய்துவிடும்.