குவார்ட்டர்பேக்கா, கோச்சா? அயோவாவின் 325 புள்ளிக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

கிரிக்கெட் பத்தி எழுத நம்ம பதிவுலகத்துல ஆளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பத்தித் தமிழ்ல எழுதத்தான் ஆள் கம்மி. ஸ்கோர் சொல்றதுக்காக இந்தப் பதிவு இல்லை. ஒரு டீம் திணறும்போது யாரைத் திட்டணும்ங்கிற பஞ்சாயத்து பத்தினது. அந்தப் பஞ்சாயத்துக்கு அயோவா பல்கலைக்கழகத்தோட 2022, 2023 சீசன்களை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல்ல ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷப் பாடம். பந்து கையில இருக்கிற டீமுக்கு 10 கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினா மறுபடி நாலு. கடைசிக் கோட்டைத் தாண்டினா டச்டவுன், 6 புள்ளி. அதுக்கப்புறம் ஒரு உதை, அது 1 புள்ளி. கிட்டப் போய் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா ஃபீல்ட் கோல், 3 புள்ளி. எதிராளியை அவன் கோட்டுக்கு உள்ளேயே மடக்கினா சேஃப்டி, 2 புள்ளி. ஒண்ணும் முடியலைன்னா பந்தை எட்டி உதைச்சு எதிராளிகிட்டயே கொடுத்துடணும், அதுக்குப் பேர் பண்ட். பந்தோட ஆடுற கோஷ்டி அஃபென்ஸ். அதுக்கு நடுநாயகம் குவார்ட்டர்பேக். (குவார்ட்டர்னதும் டாஸ்மாக் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை.)

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். கிரிக்கெட்ல மைதானத்துக்குள்ள போயிட்டா கேப்டன் வச்சதுதான் சட்டம். கோச் பெவிலியன்ல உக்காந்து நகம் கடிக்கலாம், அவ்வளவுதான். இங்க அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் என்ன ஆட்டம் ஆடணும்னு பெரும்பாலும் முடிவு பண்றவர் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். கல்லூரி ஆட்டத்துல 2023 வரைக்கும் கை சைகை காட்டியும் படம் போட்ட அட்டை தூக்கியும்தான் அதை மைதானத்துக்குள்ள அனுப்பினாங்க. ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வச்சுக்கலாம்னு பெரிய கல்லூரிகளுக்கு அனுமதி வந்ததே 2024-லதான். ஆக குவார்ட்டர்பேக் கையில பந்து இருக்கும், ஆனா திட்டம் அவனுது இல்லை. 20, 21 வயசுப் பையன். கூட்டம் "ஊ"ன்னு கத்துறது மட்டும் அவனைப் பார்த்துத்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

அயோவாவோட மைதானம் கின்னிக் ஸ்டேடியம். 69,000 பேருக்கு மேல உக்காரலாம். 1999-ல இருந்து தலைமைக் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ். அவருக்கு முன்னாடி 20 வருஷம் ஹேடன் ஃப்ரை. அதாவது 1979-ல இருந்து மொத்தமே ரெண்டு தலைமைக் கோச்தான்! கர்க்கோட தத்துவம் ரொம்ப எளிமையானது. பந்தைத் தொலைக்காதே. முடியலைன்னா பண்ட் அடி. எதிராளியை அவன் கோட்டு ஓரத்துல ஆட வை. டிஃபென்ஸ் பாத்துக்கும்.

இந்தத் தத்துவம் தோத்த தத்துவம்னு நினைச்சுடாதீங்க. 2002-ல பிராட் பேங்க்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக்கை வச்சு 11 ஆட்டம் ஜெயிச்சாங்க. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுல பேங்க்ஸுக்கு ரெண்டாம் இடம். 2015-ல சி. ஜே. பெத்தர்ட் குவார்ட்டர்பேக்கா இருந்தப்ப வழக்கமான சீசன்ல 12-க்கு 12 வெற்றி. அதாவது நல்ல குவார்ட்டர்பேக் கிடைச்சா இந்த வண்டி ஓடும். "பையன் சரியில்லை"ன்னு சொல்ற கோஷ்டிக்கு இதுதான் பெரிய ஆதாரம். இதை மனசுல வச்சுக்கோங்க.

2017-ல அஃபென்சிவ் கோஆர்டினேட்டரா வந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ். ஆமா, கர்க்கோட பையன்தான். அப்பா பையனுக்கு பாஸா இருக்கக்கூடாதுன்னு பல்கலைக்கழகத்துல விதி. அதனால காகிதத்துல பிரையனுக்கு மேலதிகாரி விளையாட்டுத் துறை இயக்குனர் கேரி பார்ட்டா. மைதானத்துல யார் மேலதிகாரின்னு நான் சொல்லணுமா என்ன?

ஆரம்பம் மோசமில்லை. 2017 நவம்பர்ல ஒஹையோ ஸ்டேட்டை 55-24னு துவைச்சு எடுத்தாங்க. 2021-ல நாட்டின் ரெண்டாம் ரேங்க் வரைக்கும் போனாங்க. அப்புறம்தான் சறுக்கல். அந்த வருஷம் டிசம்பர்ல பிக் டென் இறுதி ஆட்டத்துல மிஷிகனிடம் 42-3னு உதை வாங்கினாங்க. அன்னிக்கு மிஷிகனோட குவார்ட்டர்பேக் பேர் கேட் மெக்நமாரா. இந்தப் பேர் மறுபடி வரும்.

2022-ல பிரையனுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்துச்சு, குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அவர் லைன்மேனா ஆடி, லைன்மேன்களுக்குக் கோச்சா வளர்ந்தவர். அந்த சீசன் முதல் ஆட்டம் செப்டம்பர் 3, ஒரு படி கீழ இருக்கிற பிரிவுல ஆடுற சவுத் டக்கோட்டா ஸ்டேட்டோட. அயோவா 7-3னு ஜெயிச்சது. "சரி, ஒரு டச்டவுன் அடிச்சாங்க போல"ன்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை. ஒரு ஃபீல்ட் கோல், ரெண்டு சேஃப்டி. அஃபென்ஸ் கொடுத்தது 3 புள்ளி, மிச்சம் 4 டிஃபென்ஸ் கொடுத்தது. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பண்டர் டோரி டெய்லர்தான் அன்னிக்கு ஹீரோ.

அந்த வருஷம் ஆட்டத்துக்கு சராசரி 17.7 புள்ளி. எடுத்த கெஜக் கணக்குல 131 அணிகள்ல 130-வது இடம். குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ரஸ் சீசன் முழுக்க போட்டது 5 டச்டவுன் பாஸ். ரசிகர்கள் முதல்ல அவரை மாத்துன்னாங்க, அப்புறம் பிரையனை மாத்துன்னாங்க.

நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? 2023 பிப்ரவரியில பிரையனோட ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. சம்பளம் 9 லட்சம் டாலர்ல இருந்து 8.5 லட்சம். டீம் சராசரியா 25 புள்ளி எடுக்கணும், 7 ஆட்டமாவது ஜெயிக்கணும். நடந்தா வேலை தொடரும். 13 ஆட்டம்னு வச்சா 325 புள்ளி. ரசிகர்கள் வாராவாரம் 325-க்கு இன்னும் எவ்வளவுன்னு கணக்கு போட ஆரம்பிச்சாங்க.

இதுல பெரிய காமெடி, டிஃபென்ஸ் அடிக்கிற டச்டவுனும் அந்தக் கணக்குல சேரும்! அதாவது அஃபென்ஸ் கோச்சோட வேலை பிழைக்கிறது டிஃபென்ஸ் பசங்க கையில. ஒருத்தர் வேலையை அளக்க எடுத்த அளவுகோல் அவர் வேலையை அளக்கவே இல்லை.

2023-க்கு புது குவார்ட்டர்பேக்கா வந்தது யாரு? அதே கேட் மெக்நமாரா. மிஷிகன்ல இடம் பறிபோய், அயோவாவுக்கு மாறி வந்தார். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே தொடைத் தசையில காயம். அஞ்சாவது ஆட்டத்துல முழங்கால் தசைநார் கிழிஞ்சு சீசனே முடிஞ்சது. பதிலுக்கு வந்த டீக்கன் ஹில் போட்ட பாஸ்ல பாதிகூட ஆள் கைக்குப் போய்ச் சேரலை. உண்மையைச் சொல்லணும்ல, ஆள் தனியா நின்னப்பவும் அவர் பாஸ் தப்பின நேரங்கள் உண்டு. அதுக்குக் கோச்சைக் குத்தம் சொல்ல முடியாது.

அக்டோபர் 21-ல மின்னசோட்டாவிடம் 12-10னு தோல்வி. கூப்பர் டிஜீன் பண்ட்டைப் பிடிச்சு ஓடி அடிச்ச டச்டவுனை நடுவர்கள் செல்லாதுன்னுட்டாங்க. ஒன்பது நாள் கழிச்சு, அக்டோபர் 30, பொறுப்பு இயக்குனரா இருந்த பெத் கெட்ஸ் அறிவிச்சாங்க: சீசன் முடிஞ்சதும் பிரையன் தொடர மாட்டார். அப்ப டீமோட கணக்கு 6 வெற்றி, 2 தோல்வி! ஜெயிச்சுக்கிட்டு இருக்கிற டீம்ல சீசன் நடுவுல கோச்சுக்கு சீட்டு கிழிஞ்ச அதிசயம்.

அதுக்கப்புறமும் 10-7, 15-13, 13-10னு ஜெயிச்சுக்கிட்டே போனாங்க. மொத்தம் 10 வெற்றி. பிக் டென் மேற்குப் பிரிவு சாம்பியன். இறுதி ஆட்டத்துல மிஷிகனிடம் 26-0. 2024 ஜனவரி 1-ல டென்னசியிடம் 35-0. 14 ஆட்டத்துல மொத்தம் 216 புள்ளி, சராசரி 15.4. கெஜக் கணக்குல நாட்டுலயே கடைசி.

இப்ப பஞ்சாயத்து. யார் குத்தவாளி?

தனித்தனியா ஒரு பாஸ், ஒரு ஆட்டத்தைப் பார்த்தா இது தீராது. இடம் மாறினவங்களைப் பாருங்க, தெளிவாயிடும்.

ஒண்ணு, சார்லி ஜோன்ஸ். ரிசீவர். 2021-ல அயோவாவுல பிடிச்ச பாஸ் 21. 2022-ல பர்டூவுக்குப் போனார். அங்க 110 பாஸ், 1,361 கெஜம். ஒரே ஆள், ஒரே கை. ஒரு வருஷத்துல மாறினது சுத்தி இருந்தவங்களும் திட்டமும்தான்.

ரெண்டு, பெட்ரஸ். 2024-ல யூட்டா ஸ்டேட்டுக்குப் போய் ஆடினப்ப 2022-ல போட்டதை விடப் பல மடங்கு டச்டவுன் பாஸ் போட்டார். அந்த டீம் 4 ஆட்டம்தான் ஜெயிச்சதுங்கிறது வேற விஷயம். கைக்கு ஒண்ணும் வியாதி இல்லைன்னு தெரிஞ்சுது.

மூணு, எதிர்த் திசையில மெக்நமாரா. மிஷிகனை சாம்பியன் ஆக்கினவர் அயோவாவுல சாதாரணமாத் தெரிஞ்சார். ஆனா அவர் கால் அடிபட்ட கால். அதனால இந்த சாட்சியைப் பாதிதான் ஏத்துக்கணும்.

நாலு, பிரையனே. 2024-ல டிம் லெஸ்டர் வந்தார். சராசரி 15.4-ல இருந்து 27.7. அந்த வருஷமும் முதல்ல ஆடினது மெக்நமாராதான், அப்பவும் அவருக்கு "ஊ" கிடைச்சது. பாஸிங் அப்பவும் அடிமட்டத்துலதான். ஆனா கேலப் ஜான்சன் 1,537 கெஜம் ஓடினார். குவார்ட்டர்பேக் பிரச்சினை தீராமலே 12 புள்ளி கூடிடுச்சு. எனக்கு இதுதான் தீர்ப்பு சொல்ற சாட்சி.

இது எப்படி நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. முதல் ரெண்டு வாய்ப்புல நேரா மோதி ஓடுன்னு திட்டம். எதிராளிக்கும் தெரியும், எட்டு பேரை முன்னாடி நிறுத்திடுவான். கிடைக்கிறது ரெண்டு கெஜம். மூணாவது வாய்ப்புல இன்னும் 8 கெஜம் வேணும், பாஸ் போட்டே ஆகணும்னு ஸ்டேடியத்துக்கே தெரியும். அப்பதான் பந்து பையன் கைக்குப் போகுது. நாலு தடியன்கள் அவன் மேல பாயுறாங்க. பாஸ் தப்புது. கூட்டம் கத்துது. முதல் ரெண்டு முடிவு எடுத்தவர் மேல யார் கண்ணும் போகாது. இங்க ரிசர்ச் பண்ற மக்களுக்கு இது நல்லாவே புரியும். டாபிக் கைடு கொடுத்தது, மெஷின் லேப்ல ஏற்கனவே இருந்தது. ரிசல்ட் வரலைன்னா மட்டும் "ஸ்டூடண்ட் சரியில்லை".

அப்ப பிரையன்தான் வில்லனா? அங்கயும் நான் கொஞ்சம் நிறுத்துவேன். ரிஸ்க் எடுக்காதேங்கிற கொள்கை அவர் கண்டுபிடிச்சது இல்லை, அப்பாவோடது. எந்தக் குவார்ட்டர்பேக்கைக் கூட்டிட்டு வரணும், காயம்பட்டா அடுத்த ஆள் யாருங்கிறது தலைமைக் கோச்சோட பொறுப்பு. லைன்மேன் கோச்சை குவார்ட்டர்பேக் கோச் ஆக்கினதும் பையன் தானா எடுத்த முடிவா இருக்காது. ஆனா கர்க் ஜெயிச்சுக்கிட்டே இருந்தார். 2025 செப்டம்பர்ல உடி ஹேய்ஸோட 205 வெற்றியைத் தாண்டி பிக் டென் வரலாற்றுலயே அதிக வெற்றி கண்ட கோச் ஆயிட்டார். ஜெயிக்கிறவர்கிட்ட யாரும் கணக்கு கேக்கறதில்லை. அதனால பழி படிப்படியா கீழ இறங்கி, பையன்கிட்ட போய், அங்கிருந்து 21 வயசு மாணவன்கிட்ட போய் நின்னுச்சு.

பெத்தர்ட் மாதிரி ஆள் வந்தா வண்டி ஓடுதேன்னு கேட்டா, ஓடும்தான். அபூர்வமான ஆள் கிடைச்சா மட்டும் ஓடுற திட்டம்னா, அப்படி ஆள் கிடைக்காத வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது திட்டம் போட்டவர்தானே? டீக்கன் ஹில் தப்பவிட்ட பாஸ் அவர் தப்பு. அவரை நம்பி ஒன்பது ஆட்டம் ஓட்ட வேண்டிய நிலைக்கு வந்தது அவர் தப்பு இல்லை.

கடைசியா ஒரு தகவல். 7-3 ஆட்டத்துல சவுத் டக்கோட்டா ஸ்டேட்டுக்கு குவார்ட்டர்பேக்கா ஆடின மார்க் க்ரனோவ்ஸ்கி, தன் பிரிவுல 2022, 2023 ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன் ஆனார். 2025-ல அவரையே அயோவா கூட்டிட்டு வந்தது. ஆக, நல்ல குவார்ட்டர்பேக் வேணும்னு கர்க்குக்கும் தெரியும். தேட ஆரம்பிச்சதுதான் லேட்டு.

உங்க தீர்ப்பு என்னன்னு பின்னூட்டத்துல போடுங்க. கும்மி அடிக்கிறவங்களும் வரலாம், ஆனா மூணாவது வாய்ப்பை மட்டும் பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க.