ஊழியம்

ஊழியம் (பெயர்ச்சொல்): தொண்டு, பணிவிடை; தெய்வத்துக்கோ குருவுக்கோ மேலோருக்கோ செய்யக் கடமைப்பட்ட வேலை. செய்பவர் ஊழியர், திருச்சபை வழக்கில் ஊழியக்காரர்.

மலையாளத்தில் ஊழியம், கன்னடத்தில் ஊளிக, தெலுங்கில் ஊடிகமு என இனச்சொற்கள் இருப்பதால் இது திராவிடச் சொல்லே.

பழைய திருவிதாங்கூரில் கூலியின்றி அரசுக்கு உழைக்கும் கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்கள் ஆராதனைக்குச் செல்லும்படி ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. சபை ஆராதனையில் பாட்டு நடத்துவதையே இன்று 'ஆராதனை ஊழியம்' என்கிறோம். கட்டாய வேலைக்கும் விருப்பத் தொண்டுக்கும் ஒரே சொல்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் இச்சொல் இரு தடத்தில் ஓடுகிறது. சம்பளக்காரர் 'ஊழியர் சேமநிதி'யில் பணம் சேர்க்கும் ஊழியர். அவரே ஞாயிறன்று தமிழ் மெதடிஸ்ட் சபையில் கீர்த்தனையைத் தொடங்கிவைத்தால், அது சம்பளமில்லா ஊழியம். பினாங்கு சாலையின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக் கத்தோலிக்கர் அதே வேலையைப் பெரும்பாலும் 'பணி' என்பர். பாடுவோர் 'பாடகர் குழு'.

'ஊழியத்தில் வளர்வது' என்றால் பதவி உயர்வன்று. சுருதி பிடிக்கவும், சபையார் குரலுக்கு ஏற்பத் தன் குரலைத் தாழ்த்தவும், அடுத்தவருக்குப் பழக்கிவிடவும் கற்பதே அது.