எழுதி வாங்கிய கையெழுத்து

மலை இறங்கியவர்கள் – 14

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அம்மாவின் மகள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். "சார், நம்ம நாட்டுக்காக வெளிநாட்டுல தூதரா இருக்காங்களே, அந்த வேலைக்குப் பொண்ணுங்களையும் எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எடுப்பாங்க கண்ணு, நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்து சேரும்வரை அந்தப் பதில் நெஞ்சில் உறுத்தியது. அதை நான் இவ்வளவு சுலபமாகச் சொல்வதற்கு ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவரும் காப்பி மலையில் பிறந்தவர்தான்.

ஏற்காட்டின் சேர்வராயன் மலையும் குடகும் பல விதத்தில் ஒரே முகம் கொண்டவை. நிழல் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பி. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மலைகளிலும் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கன்னியாஸ்திரீகளின் பள்ளிகள் வழியாக வந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மலையிறங்கிச் சமவெளிக்குப் போக வேண்டும். 1924 ஜனவரி 24 அன்று குடகின் விராஜ்பேட்டையில் பிறந்த சோனிரா பெள்ளியப்பா முத்தம்மாவும் அப்படி இறங்கியவர்தான். அப்பா வனத்துறை அதிகாரி. மகளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் படிக்க வைத்தார். மடிக்கேரியில் செயின்ட் ஜோசப் பள்ளி, சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். முத்தம்மாவை முத்தம்மாவாக்கியதில் நம் சென்னைக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

1948இல் மத்திய தேர்வாணையத்தின் ஆட்சிப்பணித் தேர்வில் வென்றார். அதில் வென்ற முதல் பெண் அவரே. அவர் கேட்டது வெளியுறவுப் பணி. அந்தப் பணியில் சேர வேண்டாம் என்று தேர்வாணையத் தலைவரே அவர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார். அவர் அசையவில்லை, 1949இல் சேர்ந்தார்.

இந்த இடத்தில் நம் சேலம் மாவட்டத்தைத் தொட்டுச் செல்கிற இன்னொரு பெண்ணையும் சொல்லியாக வேண்டும். அன்னா ராஜம் ஜார்ஜ், 1951ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அவரை நேர்காணல் செய்தவர்கள், கலெக்டர் வேலை பெண்ணுக்குச் சரிவராது, வெளியுறவுப் பணிதான் பெண்களுக்கு ஏற்றது, அதை எடுத்துக்கொள் என்றார்கள். முத்தம்மாவிடம் எது ஆகாது என்றார்களோ, மூன்றே வருடத்தில் அதுதான் ஏற்றது என்று இன்னொருவரிடம் சொன்னார்கள். எந்த வாசலில் போய் ஒரு பெண் நின்றாலும் அடுத்த வாசலைக் கை காட்டுவதே அன்றைய வழக்கம். அன்னா ராஜமும் அசையவில்லை. சென்னை மாநிலத்தையே கேட்டு வாங்கி, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரில் சப் கலெக்டராக உட்கார்ந்தார்.

இருவருக்கும் வேலை கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டது அரசு. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். முத்தம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று. கூடவே சேர்ந்த ஆண்கள் யாரும் அப்படி எழுதித் தரவில்லை. அரசியல் சாசனத்தில் ஆண் பெண் சமம் என்று எழுதிக்கொண்டிருந்த அதே வருடத்தில் வாங்கிய கையெழுத்து அது. முத்தம்மா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பாரிஸ், ரங்கூன், லண்டன், தில்லியில் பாகிஸ்தான் பிரிவு என்று பணி ஓடியது. 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். விஜயலட்சுமி பண்டிட் 1947லேயே மாஸ்கோவில் தூதராக இருந்தவர்தான். ஆனால் அது பிரதமரின் நேரடி நியமனம். பணிக்குள் கீழ்ப்படியில் சேர்ந்து, ஏறி வந்து தூதரான முதல் இந்தியப் பெண் முத்தம்மாதான். பிறகு கானா.

அதற்கு மேல் ஒரு படி பாக்கியிருந்தது: வெளியுறவுப் பணியின் முதல் நிலை. 'தகுதி போதாது' என்று அவரை நிறுத்திவிட்டு இளையவர்களை ஏற்றினார்கள். ஏறத்தாழ முப்பது வருடச் சேவைக்குப் பிறகு கிடைத்த மதிப்பீடு அது. முணுமுணுத்துக்கொண்டே ஓய்வு பெறப் பலருக்கும் தெரியும். பதவியில் இருந்துகொண்டே இந்திய அரசின் மீது வழக்குப் போட்டார் முத்தம்மா. பணியில் சேரும் வாசலிலேயே தன்னைத் தடுக்கப் பார்த்ததையும், அந்தக் கையெழுத்தையும் மனுவில் எழுதினார். தன் பதவி உயர்வோடு நிற்காமல் விதிகளையே எடுத்து நீதிமன்றத்தில் வைத்தார்.

அந்த 1961ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஒன்று, பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா கேட்கலாம். இன்னொன்று, கல்யாணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது.

1979 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு ஒரு பெண்ணின் வேலைக்குக் குறுக்கே வரும் என்றால் ஆணுக்கும் வரலாமே என்று கேட்டார். கல்யாணமான ஆணுக்கு உள்ள உரிமை கல்யாணமான பெண்ணுக்கும் உண்டு என்றார். எல்லா வேலையிலும் எல்லா இடத்திலும் ஆணும் பெண்ணும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. வேறுபாடு காட்டினால் அதற்குரிய காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்றார்.

விந்தை என்னவென்றால், முத்தம்மாவின் மனு தள்ளுபடியானது! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. கல்யாணமான பெண்ணுக்கு உரிமை இல்லை என்ற விதியை 1973லேயே எடுத்துவிட்டோம், அனுமதி கேட்கும் விதியும் போகப்போகிறது என்று அரசு வழக்கறிஞர் சோலி சொராப்ஜி நீதிமன்றத்தில் சொன்னார். ஆகவே தீர்ப்பளிக்க மனுவில் மிச்சமில்லை. ஆனால் மனுவைத் தள்ளுகிறோமே தவிரப் பிரச்சினையைத் தள்ளவில்லை என்ற பொருளில் எழுதினார் கிருஷ்ணய்யர். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபடி பார்க்கச் சொன்னார். வழக்கு வரட்டும் என்று காத்திராமல், பணி விதிகள் எல்லாவற்றிலும் பாலினப் பாகுபாட்டை அரசே களைய வேண்டும் என்றார். தள்ளுபடியான ஒரு மனுவை நாற்பது வருடம் கடந்தும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்றால் அதன் காரணம் இதுதான்.

நெதர்லாந்தில் தூதராக இருந்து 1982இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடனின் ஒலோஃப் பால்மே தலைமையிலான ஆயுதக் குறைப்புக் குழுவில் இந்தியாவிலிருந்து அமர்ந்தவர் அவர். அதிகார அமைப்பை விமர்சித்துப் புத்தகம் எழுதினார். குடகு வீட்டுச் சமையலைப் பற்றிச் சேர்ந்து எழுதிய புத்தகமும் உண்டு. உலகம் சுற்றியவர் கடைசியில் தன் மலையின் அடுப்படிக்குத் திரும்பி வந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2009 அக்டோபர் 14 அன்று பெங்களூரில் முத்தம்மா காலமானார். அன்று தில்லியில் வெளியுறவுச் செயலர் நாற்காலியில் இருந்தவர் நிருபமா ராவ். கல்யாணமான பெண்ணுக்கு உரிமை இல்லை என்ற விதியை எடுத்த அதே 1973இல் பணியில் சேர்ந்தவர். கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கல்யாணம் அவர் வேலையைப் பறிக்கவில்லை.

(தொடரும்)